பிழைத்த உதை

1

எனக்கு எதுவும் தெரியாது என்பதற்காகத்தான் அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூப்பிட்டவள் லவினியா. ஜெர்மனியின் பான் நகரில் நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்கிறோம். நான் சேலத்துக்காரி, பெயர் ரோஹிணி. அவள் கெல்சென்கிர்ச்சனில் பிறந்தவள். அப்பா அம்மா மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் மதியச் சாப்பாடு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நேற்று கனடாவில நடந்த கிரே கப் பாத்தனீங்களோ?"

"அப்படின்னா?"

"கடவுளே, நல்லது. அப்ப ரிசல்ட்டும் தெரியாது?"

"எதோட ரிசல்ட்?"

"கோட்டைப் போடுங்கோ. எங்கட வீட்டை போறம்."

ரயிலில்தான் விவரம் சொன்னாள். கிரே கப் என்பது கனடாவின் தொழில்முறைக் கால்பந்து அணிகள் ஆடும் இறுதிப்போட்டி. அவள் தம்பி ஜெனிஸ்டன் அதில் ஆடியிருக்கிறான். ஆட்டம் முடிந்து பல மணி நேரம் ஆகிவிட்டது. முடிவு குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், அம்மாவைத் தவிர. அம்மா இன்று சாயங்காலம்தான் பதிவைப் பார்க்கப்போகிறார். அவர் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் முகத்தில் முடிவு எழுதியிருக்கக் கூடாது.

"எங்கட ஆக்கள் எல்லாருக்கும் முகம் இருக்கு அக்கா," என்றாள் லவினியா. "உங்களுக்கு மட்டும்தான் இல்லை."

2

மூன்று முறை இந்தக் கதையைத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘பனி மூடிய மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஒரு பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் கையுறையை’—

இதை விட்டுவிட்டேன். கால்பந்து என்றதும் நான் நினைத்த கால்பந்து அது இல்லை. கனடாவில் அந்தப் பெயரில் ஆடுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற, மேலே விழுந்து சாய்க்கிற ஆட்டம். அமெரிக்காவில் ஆடுவதற்குப் பங்காளி முறை. அணிக்குப் பன்னிரண்டு பேர். கோல்கீப்பர் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: ‘ஜேசுரட்ணம் மகனோடு பேசி இரண்டு வருடமாகிவிட்டது. தொழிற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு முட்டைப்பந்து ஆடப் போனவனை அவர்’—

ஒரு சண்டை இருந்தால் கதை நிற்கும் என்று நினைத்தேன். லவினியா இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் எனக்கே போன் செய்தார்.

"நான் எப்ப பிள்ளை அவனோட கதைக்காமல் விட்டனான்? ஒவ்வொரு நாளும் கதைக்கிறன். அவன்தான், அப்பா, கதைச்சது காணும், போனை வையுங்கோ எண்டு சொல்லுறவன்."

ஆகவே சண்டை இல்லை. மூன்றாவது தொடக்கம் ஒரு பஸ்ஸில் இருக்கிறது. அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

3

ஜெனிஸ்டனின் அம்மா கொறற்றி பஸ் ஓட்டுகிறார். கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே பூவர் வரை போகும் நீளமான பஸ், நடுவில் ஆர்மோனியத் துருத்தி போல மடிந்து விரியும் வகை. பிள்ளைகள் வளரும்வரை ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். பிறகு ஒரு நாள், நாற்பது வயதைத் தாண்டியபின், லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று சொல்லி எடுத்தும்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட். ஆட்டமோ ஜெர்மனி நேரப்படி நடுராத்திரி தொடங்கி விடியுமுன் முடிவது. ஷிப்டை மாற்றக் கேட்டார், ஆள் கிடைக்கவில்லை. சுகமில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகொரு நாள் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"பொய் சொல்லிப்போட்டு மாதாவிட்ட எதைக் கேக்கிறது? நித்திரை முழிச்சுப்போட்டு சனத்தை ஏத்திக்கொண்டு ஓடவும் ஏலாது."*

(* ‘ஓட்டவும் முடியாது’ என்றுதான் எழுதியிருந்தேன். லவினியா அடித்துத் திருத்தினாள். ‘முடியாது’ என்று அம்மா சொன்னால் செய்ய மனமில்லை என்று அர்த்தமாம். ‘ஏலாது’ என்றால் உடம்போ உலகமோ விடவில்லை என்று அர்த்தமாம். இது இலக்கணத்தில் இல்லை, அந்த வீட்டில் இருக்கிறது.)

மகனின் ஆட்டத்தைக் கொறற்றி பார்த்ததே இல்லை. ஒரு முறை பார்த்ததைத் தவிர.

இந்த ஊரில் வட்டப்பந்தை ஒருவன் விடுவது வீட்டில் ஒருவர் மதம் மாறுவதைவிடப் பெரிய செய்தி. ஜெனிஸ்டன் பதினாறு வயதில் விட்டான். பக்கத்து ஊர்க் கிளப் ஒன்றில் முட்டைப்பந்துக்குப் போனான். அவன் வேலை உதைப்பது மட்டும். முதல் ஆட்டத்துக்குக் கொறற்றி போய் ஓரத்தில் நின்றார். மகன் உதைத்து முடித்து ஒற்றைக்காலில் நின்ற கணத்தில் எதிராளி ஒருவன் வந்து மோதினான். தோளெலும்பு முறிந்த சத்தம் அவருக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு போகவில்லை. கனடா அணிகள் வருடந்தோறும் வேறு நாட்டு ஆட்டக்காரர்களையும் பொறுக்குகின்றன, அதில் மகன் பெயர் வந்தபோது விமான நிலையத்தில் வைத்துச் சொன்னார்: "நான் பாக்கமாட்டன். மன்றாடுவன்." அவனும் வற்புறுத்தவில்லை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஒரே செய்தி அனுப்புவான்: ‘முடிஞ்சுது அம்மா.’ அதைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு அவர் பஸ்ஸை எடுக்கப் போவார். மூன்று பருவங்கள் இப்படிக் கழிந்தன.

இறுதிப்போட்டிக்கு முந்தின வாரம் அவன் கேட்டான். "அம்மா, இந்த ஒண்டை மட்டும் பாருங்கோ. அடுத்த வருஷம் என்னை வச்சிருப்பினமோ தெரியாது."

கொறற்றி, "பாக்கிறன். ஆனா வேலை முடிச்சு வந்துதான் பாப்பன். அதுவரைக்கும் முடிவை ஒருத்தரும் எனக்குச் சொல்லப்படாது," என்றார்.

ஜேசுரட்ணத்துக்கு விளங்கவில்லை. "முடிஞ்ச விளையாட்டுத்தானே. தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

"முடிவு தெரிஞ்சு பாக்கிறது செத்தவீட்டு வீடியோ பாக்கிற மாதிரி. அதுகள் நான் பாத்தது காணும்."

அவர் சொன்னது உவமை இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாத காலத்தில் அவரால் ஜெர்மனியை விட்டு நகர முடியவில்லை. மன்னாரில், பேசாலையில் அவருடைய அப்பா இறந்தார். மாதங்கள் கழித்து ஒரு வீடியோ கேசட் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள். தங்கை மணலில் புரண்டு அழுகிறாள். அதைப் பார்த்துக் கொறற்றியும் அழுதார். ஆனால் அந்தத் தங்கை அதற்குள் அழுது முடித்து, சமைத்து, தூங்கி எழுந்து, இரண்டு கடிதமும் போட்டுவிட்டாள். யாரும் இல்லாத நேரத்தில் போய் அழுதது போல இருந்தது என்றார் கொறற்றி. அதன் பிறகு இரண்டு கல்யாணம், இன்னும் மூன்று செத்தவீடு, எல்லாம் கேசட்டில்தான்.

சரி, திங்கட்கிழமை.

போனை அணைத்து வீட்டில் வைத்தார். கணவர் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தார். "இஞ்சருங்கோ, முழிப்போ?" தினமும் குறட்டை விடுகிற மனிதர் அன்று விடவில்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு இரவெல்லாம் பார்த்திருக்கிறார் என்று கொறற்றிக்குத் தெரிந்தது. போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

பஸ் டிப்போவில் கூட வேலை செய்யும் ஹோல்கர் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்: ‘கொறற்றியிடம் அமெரிக்கக் கால்பந்து பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.’ ‘அமெரிக்க’ என்பதை யாரோ அடித்துவிட்டு ‘கனடிய’ என்று திருத்தியிருந்தார்கள்.

விடிந்து வெளிச்சம் வந்தபின் ரயில் நிலையத்தில் பிறேமா அக்கா ஏறினார். மாதா கோயிலில் பழக்கமானவர், மூத்தவர். மகள் டொராண்டோவில் இருக்கிறாள். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"அக்கா, ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றார் கொறற்றி கதவு திறந்த உடனே.

"நான் ஒண்டும் சொல்லேல்லயே." பிறேமா அக்கா சால்வையால் வாயை மூடிக்கொண்டு பின்னால் போய்விட்டார். இறங்கும்போது முன்கதவுக்கு வரவில்லை. பின்கதவால் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கொறற்றி அதை வைத்து மூன்று பஸ் நிறுத்தங்கள் தூரம் கணக்குப் போட்டார். வென்றிருந்தால் அக்காவால் வாயை அடக்க முடிந்திருக்காது. தோற்றிருந்தால் ஆறுதல் சொல்லாமல் போகிறவர் இல்லை. அப்படியானால் ஏன் பின்கதவு? அவர் நினைப்பு முடிவில் நிற்கவில்லை, எலும்பில் போய் நின்றது. அடிபட்டிருந்தால் கணவர் டிப்போவுக்கு ஓடி வந்திருப்பார். வரவில்லை. பஸ் ஓட்டுகிறவளைக் குழப்பக் கூடாது என்று வராமல் இருந்திருந்தால்?

[‘ஸ்டியரிங்கில் அவர் கைகள் நடுங்கின’ என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. கொறற்றி மறுத்துவிட்டார். "கை நடுங்கினா பஸ்ஸை ஓரமா நிப்பாட்டிப்போட்டு ஆள் அனுப்பச் சொல்லுவன். நீங்கள் எழுதிறதைப் பாத்து ஆரும் என்ர பஸ்ஸில ஏறமாட்டினம்." வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.]

4

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜேசுரட்ணம் வீட்டில் இல்லை. முகத்தை எடுத்துக்கொண்டு வூப்பர்டாலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். லவினியா மடிக்கணினியை டிவியோடு இணைத்துவிட்டு, அம்மாவின் கண்ணில் படாதபடி சோபாவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். டிவிக்கு மேல் தட்டில் மடுமாதா சிலை, சின்ன நீல பல்ப். சீருடையை மாற்றிவிட்டு வந்த கொறற்றி என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதோ?"

"இந்த கேமே தெரியாது ஆன்ட்டி."

"பெரிய உபகாரம்," என்று ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.

பின்னாலிருந்து லவினியா ஆட்டத்தை விளக்கினாள். மைதானம் நூற்றுப்பத்து கெஜம். பந்து கையில் இருக்கும் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்பு. இரண்டில் நடக்கவில்லை என்றால் மூன்றாவதில் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். அப்போதுதான் ஜெனிஸ்டன் உள்ளே வருவான். இரண்டு முனையிலும் கோட்டின் மேல் கம்பங்கள். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. கம்பங்களுக்குப் பின்னால் இருபது கெஜம் ஆழத்துக்கு ஒரு வெளி. அதற்கு ஆட்டத்தில் வேறு பெயர் உண்டு. எங்கள் சேலத்து வீட்டை வைத்து நான் அதைப் பின்கட்டு என்றே எழுதப்போகிறேன்.

"உதை கம்பத்துக்கு வெளியால போச்செண்டு வையுங்கோ," என்றாள் லவினியா. "பந்து பின்கட்டுக்குள்ள விழுந்தா எதிராளி அதை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளிய வரவேணும். வராட்டி உதைச்ச ஆக்களுக்கு ஒரு புள்ளி."

கொறற்றி திரும்பாமலே கேட்டார். "பிழைச்ச உதைக்கும் புள்ளியோ?"

"ஓம்."

"ஆர் இந்தச் சட்டத்தைப் போட்டது?"

"கனடாக்காரர்தான் அம்மா."

"நல்ல சனம்," என்றார் கொறற்றி.

ஆட்டம் தொடங்கியது. அணிகளின் பெயரை நான் எழுதவில்லை. மகனின் அணி நீலம், எதிரணி செம்மஞ்சள், அது போதும். சமவெளி நகரம் ஒன்றின் அரங்கம். பனி கொட்டுகிறது. பறந்து திரியாமல், நேரே, சத்தமே இல்லாமல் இறங்குகிற பனி. பல்லாயிரம் பேர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மூச்செல்லாம் சேர்ந்து விளக்குகளுக்குக் கீழே ஒரு மேகமாக நிற்கிறது. கோடுகள் மறைந்துபோக, ஆட்கள் ஓடி வந்து கோட்டைத் தேடித் தேடிப் பனியைத் தள்ளுகிறார்கள். நான் எத்தனையோ முறை அந்தப் பத்தியை எழுதிப் பார்த்துவிட்டேன். அந்த வெள்ளைக்குள் அந்த மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதுகிற ஓசை மட்டும் என் தமிழில் வரவில்லை. கதவு அடைபடுவது போல என்று எழுதினேன். இல்லை. ஈர மண்மூட்டை—இல்லை.

முதல் முறை ஜெனிஸ்டன் உள்ளே வந்தபோது கொறற்றி என் மணிக்கட்டைப் பிடித்தார். பந்து அவன் காலில் பட்டு மேலே போனது. கேமரா அதைத் தொடர்ந்து மேலே போனது. அரங்கம் போய், விளக்குகள் போய், கறுப்பு வானமும் பனியும் மட்டும் திரையில் இருந்தன. பந்து வரவே இல்லை. வந்தபோது மைதானத்தின் மறுபாதியில் இறங்கியது.

"இது இவன் அடிச்சதோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா."

"இந்தக் காலால?"

மணிக்கட்டை அவர் விடவில்லை. மூன்று வருடமாக மகன் செய்துகொண்டிருந்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் வரும்போதெல்லாம் கும்பிட மறந்து, பந்து எவ்வளவு உயரம் போகும் என்று பார்க்கத் தொடங்கினார்.

5

கடைசி ஆட்டத்துணுக்குக்கு வருகிறேன். இதை ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்று லவினியா சொன்னாள். எனக்கு அது வாய்க்கவில்லை. நடந்தபடியே, நின்று நின்று எழுதுகிறேன்.

இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. கடிகாரத்தில் ஒரே ஓர் உதைக்குத்தான் நேரம். மகனின் அணியிடம் பந்து. ஜெனிஸ்டன் வந்தான். காலால் பனியைக் கிளறிப் புல்லைக் கண்டுபிடித்தான். ஒருவன் பந்தைப் பிடித்து நிறுத்த, ஓடி வந்து உதைத்தான்.

பந்து நன்றாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் அது வலப்பக்கம் சாய்ந்தது. கம்பத்துக்கு வெளியே போனது.

"பிழைச்சிட்டுது," என்றார் கொறற்றி.

நான் கை தட்டினேன்.

[சிரிக்காதீர்கள். சேலத்தில் ஒன்று பிழைத்துவிட்டது என்றால் சாகாமல் தப்பித்தது என்று அர்த்தம். மன்னாரில் தவறிவிட்டது என்று அர்த்தம். கொறற்றி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் கோபப்பட அவருக்கு நேரம் இருக்கவில்லை.]

கடிகாரம் தீர்ந்துவிட்டது. ஆனால் பந்து இன்னும் உயிரோடு இருக்கிறது; அது அடங்கும்வரை ஆட்டம் முடியாது. பின்கட்டில் செம்மஞ்சள் அணிக்காரன் ஒருவன் அதைப் பிடித்துவிட்டான். அவன் அங்கேயே மாட்டினால் நீலத்துக்கு ஒரு புள்ளி, கோப்பையும். நீலச் சட்டைகள் சுவராக அவனை நோக்கி ஓடி வந்தன. ஓட வழியில்லை என்று கண்டு அவன் சட்டம் அனுமதிக்கிற ஒரு காரியம் செய்தான். பந்தைத் தன் காலில் போட்டு, வந்த திசைக்கே ஓங்கி உதைத்தான்.

எல்லாருடைய தலைக்கும் மேலே பந்து திரும்பி வந்தது. நீல அணி முழுவதும் முன்னால் ஓடிப் போயிருந்தது. பின்னால் அந்த வெள்ளை வெளியில் மிச்சம் நின்றவன் ஒருவன்தான். தவறவிட்டவன். பந்து அவனை நோக்கியே வந்தது.

அப்போது கொறற்றி படத்தை நிறுத்தினார்.

ரிமோட் தொடக்கத்திலிருந்தே அவர் மடியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. திரையில் பனி அந்தரத்தில் நின்றது. மேலே பந்து. கீழே மிகச் சின்னதாக, முகத்தை உயர்த்தியபடி ஜெனிஸ்டன்.

"ஏன் அம்மா நிப்பாட்டினீங்கள்?"

"பொறு பிள்ளை."

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தச் சின்ன உருவத்தின் உயரத்துக்குக் குனிந்தார்.

"இப்ப என்ன நடக்கப்போகுதெண்டு இவனுக்குத் தெரியாது," என்றார். "எனக்கும் தெரியாது."

திரையில் அந்த உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

"எவ்வளவு காலத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரு இடத்தில நிக்கிறம்."

பின்னால் நாற்காலி நகரும் ஓசை. லவினியா சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது, நிறைய நேரம். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கொறற்றி படத்தை ஓடவிட்டார். சோபாவுக்குத் திரும்பவில்லை, நின்றபடியே பார்த்தார்.

ஜெனிஸ்டன் பந்தை நெஞ்சில் வாங்கினான். நிற்கவில்லை. வாங்கிய வேகத்திலேயே திரும்பவும் பின்கட்டை நோக்கி உதைத்தான், உதைத்த காலைக் கீழே வைத்து அதன் பின்னாலேயே ஓடினான். அவனுக்கு முன்னால் நிற்கும் அவன் ஆட்கள் யாரும் அந்தப் பந்தை எடுக்கக் கூடாது, அது சட்டம். உதைத்தவன்தான் ஓட வேண்டும். அவன் ஓடினான். உதைப்பதற்கு மட்டும் வைத்திருக்கிற ஒல்லி உடம்பு. பனியில் கால் வழுக்க, கை எங்கெங்கோ போக, அழகே இல்லாமல் மைதானத்தின் குறுக்கே ஓடினான். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது.

பந்து பின்கட்டில் பனியைக் கீறிக்கொண்டு உருண்டது. முன்பு உதைத்த அதே செம்மஞ்சள்காரன் பாய்ந்து எடுத்தான். ஒருவனை ஏமாற்றினான். இன்னொருவன் கையிலிருந்து வழுக்கினான். கோட்டை நோக்கி வந்தான். எதிரே ஜெனிஸ்டன்.

தோளைக் கொடுத்து மோதினான். அதே தோள்.

இருவரும் கோட்டின் மேல் விழுந்தார்கள். அவர்கள் மேல் எல்லாரும் விழுந்தார்கள்.

கொறற்றி கண்ணை மூடவில்லை. "எழும்பு," என்றார் சன்னமாக. "எழும்பு ராசா."

குவியல் ஒவ்வொருவராகப் பிரிந்தது. கடைசியில் ஜெனிஸ்டன் எழுந்து உட்கார்ந்தான். தலைக்கவசத்திலிருந்து பனியை உதறினான்.

6

நடுவர் வீடியோவைப் பார்க்கப் போனார். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே என்றால் கோப்பை. வெளியே என்றால் கூடுதல் ஆட்டம்.

இங்கே நான் எழுதிவைத்திருக்கும் பத்தி ஒன்று இருக்கிறது:

[‘நடுவர் கையை உயர்த்தினார். ஒரு புள்ளி. நீலச் சட்டைகள் ஜெனிஸ்டனைத் தோளில் தூக்கின. கெல்சென்கிர்ச்சனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அவன் தாய்’—]

நல்ல பத்தி. லவினியா வாசித்துவிட்டு, "வடிவா இருக்கு அக்கா, ஆனா அம்மா சிரிப்பா," என்றாள். ஆகவே நடந்தது இது: பந்து கோட்டுக்கு ஒரு கையகலம் வெளியே இருந்தது. புள்ளி இல்லை. கூடுதல் ஆட்டத்தில் செம்மஞ்சள் அடித்தது, நீலத்துக்கு இயலவில்லை. கோப்பை அவர்களுக்குப் போனது. ஜெனிஸ்டனுக்கு அதில் எதுவும் செய்யக் கிடைக்கவில்லை. ஓரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றான்.

"தோத்திட்டினம் என்ன?" என்று கேட்டார் கொறற்றி.

"ஓம் அம்மா."

அவர் தலையாட்டினார். உடனே மகனை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"தோள் எப்பிடி?"

"ஒண்டுமில்லை அம்மா. கொஞ்சம் வீங்கிக் கண்டிப்போச்சு. பாத்தனீங்களோ?"

"எல்லாம் பாத்தனான். கண்ணை மூடேல்ல."



"பிழைச்சிட்டுது அம்மா," என்றான் அவன்.

"அது திரும்பி உன்னட்டயே வந்தது. அதைப் பாத்தனான் நான்."

அவன் அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை. கொறற்றி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். வாசலில் காலடிச் சத்தம். வூப்பர்டாலிலிருந்து திரும்பியிருந்த ஜேசுரட்ணம் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "நான் இனி வரலாமோ?" என்று கேட்டார்.

அடுத்த வருடமும் ஜெனிஸ்டனை அணி வைத்துக்கொள்ளுமா என்பது இதை எழுதும்போது யாருக்கும் தெரியாது.

7

கதை ஆறாவது பகுதியோடு முடிந்திருக்க வேண்டும். முடித்தும்விட்டேன். ஆனால் சாப்பாடு முடிந்தபின் கொறற்றி மறுபடி ரிமோட்டை எடுத்தார்.

நடுவர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பின்னோக்கி ஓட்டினார். அப்போது மைதானத்தில் இருந்த எல்லாரும், அரங்கில் இருந்த அத்தனை பேரும், பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேமராவும் கோட்டைத்தான் காட்டுகிறது. ஆனால் காட்சியின் இடது மூலையில், பாதி வெட்டுப்பட்டு, இரண்டு பேர் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மோதி விழுந்த இருவரும். அவர்கள் எழுந்து போகவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. பல்லாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, முடிவு இரண்டு பேருக்கும் தெரியாதபோது, தலைக்கவசத்தோடு தலைக்கவசம் முட்டுகிற நெருக்கத்தில் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். செம்மஞ்சள்காரன் ஒரு கையால் பனியைக் காட்டிச் சொல்கிறான். ஜெனிஸ்டன் கேட்கிறான். பிறகு ஜெனிஸ்டன் ஏதோ சொல்ல, மற்றவன் தோள் குலுங்குகிறது. சிரிப்பு. இவன் தோளும் குலுங்குகிறது.

"என்ன கதைக்கினம்?" என்றார் கொறற்றி.

"கேக்க ஏலாது அம்மா."

மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஜேசுரட்ணம் வந்து பக்கத்தில் நின்றார். இரவெல்லாம் முழித்திருந்து பார்த்த மனிதர் இந்த மூலையைப் பார்க்கவே இல்லை. இன்னொரு முறை ஓட்டினார்கள். நாங்கள் நான்கு பேரும் அந்தத் துண்டுத் திரையின் முன் கோயிலில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தோம்.

நான் எழுதிப் பார்த்தவை:

(அ) "உன் கால் என்ன கால்!" "உன்னுடையது மட்டும் என்ன?"

(ஆ) "உள்ளேயா வெளியேயா?" "தெரியாது. உனக்கு?" "எனக்கும் தெரியாது."

(இ) மற்றவன் தன் ஊர்க் குளிரைப் பற்றிச் சொல்கிறான். ஜெனிஸ்டன், என் அம்மா இதைப் பார்ப்பாள் என்று—

மூன்றையும் கொறற்றிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினார்.

ஜனவரியில் ஜெனிஸ்டன் வீட்டுக்கு வந்தான். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து இடியப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தான், மெலிந்த, கூச்சமுள்ள பையன். ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் வாயைத் திறந்தேன். சொதியை ஊற்றிக்கொண்டிருந்த கொறற்றி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவரும் கேட்டிருக்கவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. இத்தனை வாரம், தினமும் பேசுகிற மகனிடம் அவர் அதைக் கேட்கவில்லை.

"இன்னும் ரெண்டு வைக்கட்டோ பிள்ளை?" என்றார்.

"போதும் ஆன்ட்டி," என்றேன்.

ஆகவே பதில் என்னிடம் இல்லை. பனியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் ஏதோ சொல்கிறான், மற்றவன் சிரிக்கிறான். என்ன சொன்னான் என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். கொறற்றிக்கு வாசித்துக் காட்டுகிறேன். சரியா தவறா என்று மட்டும் அவர் சொல்லமாட்டார்.